மூன்று ரெஃப்ரிகளில் ஒருவராக பாஸ்கெட்பால் ஊதக் கற்றுக்கொள்வது: புதிதாக வருபவர்களுக்கு முழு வழிகாட்டி

விளையாடி முடித்தவர்கள், முழங்கால் போனவர்கள், வேலைக்குப் போன பிறகும் கிரவுண்டை விட மனசு வராதவர்கள், இப்படித்தான் பெரும்பாலும் ரெஃப்ரி பக்கம் வருகிறார்கள். வந்தவுடன் எல்லாருக்கும் ஒரே சிக்கல்தான். கண் பந்துக்குப் பின்னாலேயே ஓடும். பள்ளிக்கூட நாளிலிருந்து விளையாடிய கண், வேறு எப்படி இருக்கும்? இரண்டு பேர் ஊதும் மேட்சில் இந்தப் பழக்கத்தோடு ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். மூன்று பேர் நிற்கும்போது முடியாது. பந்து வைத்திருப்பவன், அவனைத் தடுப்பவன் இரண்டு பேரையும் மூன்று ரெஃப்ரியும் பார்த்துக்கொண்டிருந்தால் மிச்சம் எட்டுப் பேரை யார் பார்ப்பது? அந்த எட்டுப் பேருக்குள்தான் ஜெர்சி இழுப்பு, ஸ்கிரீனில் (எதிராளியின் வழியை மறித்து நிற்பதில்) முழங்கை, ரீபவுண்டில் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில்) இடுப்பால் தள்ளுவது எல்லாம் நடக்கும்.

மூன்றாவது ஆள் வந்ததே இதற்காகத்தான். அமெரிக்காவின் என்பிஏ லீகில் 1978-79 சீசனில் மூன்று ரெஃப்ரி வைத்துப் பார்த்து, ஒரே சீசனோடு கைவிட்டு, 1988-89இலிருந்துதான் நிரந்தரமாக்கினார்கள். நம்ம ஊரில் இன்னமும் சின்ன டோர்னமென்ட் என்றால் இரண்டு பேர்தான், செமி ஃபைனல் ஃபைனலுக்கு மூன்று. அதனால் கற்றுக்கொள்ள மேட்ச் கிடைப்பதே கஷ்டம். கிடைக்கிற ஒன்றிரண்டு மேட்சை வீணாக்காமல் இருக்க என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் ஃபிபா (சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பு) முறை, இந்தியாவில் நாம் ஊதுவது அதைத்தான்.

முதலில் ரூல் புக், அப்புறம் டேபிள்

ஃபிபா ரூல் புக் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ எடுத்துக்கொள்ளுங்கள். சீனியர் யாராவது கொடுக்கும் பழைய ஜெராக்ஸை நம்பாதீர்கள், சில வருடங்களுக்கு ஒரு முறை விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கூடவே விதிகளுக்கான விளக்கப் புத்தகம் ஒன்று இருக்கிறது, 'ஏ1 பந்தோடு குதிக்கும்போது பி1 இப்படிச் செய்தால் என்ன' (ஏ டீம் ஆள், பி டீம் ஆள்) என்கிற மாதிரி சூழ்நிலைகளாகவே எழுதியிருப்பார்கள். என்னைக் கேட்டால் ரூல் புக்கைவிட இதைப் படிப்பதில்தான் லாபம் அதிகம்.

படித்துக்கொண்டிருக்கும்போதே டேபிளில் உட்காருங்கள். ஸ்கோர் ஷீட் எழுதுங்கள், டைமர் பிடியுங்கள், ஷாட் கிளாக் (ஷாட் போட மிச்சமிருக்கும் நொடிகளைக் காட்டும் கடிகாரம்) ஓட்டுங்கள். ஆஃபென்சிவ் ரீபவுண்டில் 24 ஆக்க வேண்டுமா 14 ஆக்க வேண்டுமா (ரிங்கில் பட்டு அதே டீமுக்குத் திரும்பக் கிடைத்தால் 14தான்), ஒரு குவாட்டரில் ஐந்தாவது டீம் ஃபவுலிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ, ஜம்ப் பால் சூழ்நிலையில் அடுத்து யாருக்குப் பந்து என்று காட்டும் ஆரோ யார் பக்கம் திரும்பியிருக்கிறது, இதெல்லாம் டேபிளில் உட்கார்ந்தால் தானாகக் கைவந்துவிடும். தவிர, ரெஃப்ரி அவசர அவசரமாக விரலைக் காட்டிவிட்டு ஓடினால் ஸ்கோரர் எப்படித் திண்டாடுகிறார் என்பதும் தெரியும். அது தெரிந்தவர்கள் பிற்பாடு நின்று, நிதானமாக நம்பர் காட்டுவார்கள்.

மூன்று இடம், மூன்று வேலை

மூன்று பேரில் ஒருவர் க்ரூ சீஃப் (தலைமை ரெஃப்ரி), மற்ற இருவர் அம்பயர் ஒன்று, அம்பயர் இரண்டு. இது பதவி. கோர்ட்டில் நிற்கும் இடத்துக்குப் பெயர் வேறு: லீட், ட்ரெயில், சென்டர். ஆட்டம் ஓட ஓட இந்த மூன்று இடமும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும்.

லீட் பேஸ்லைனுக்கு வெளியே நிற்பவர். ட்ரெயில் அதே பக்கத்து சைட்லைனில், டீம் பெஞ்ச் பகுதி தொடங்கும் கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில். சென்டர் எதிர்ப் பக்கம், ஃப்ரீ த்ரோ கோட்டை சைட்லைன் வரை நீட்டினால் எங்கே வருமோ அந்த இடத்தில். ஆக, லீடும் ட்ரெயிலும் ஒரு பக்கம், சென்டர் தனியாக இன்னொரு பக்கம். பந்து இருக்கும் பக்கத்தில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

லீடின் உலகம் பெயின்ட்டும் (கூடைக்குக் கீழிருந்து ஃப்ரீ த்ரோ கோடு வரை உள்ள பகுதி) அதன் ஓரமும். போஸ்டில் (கூடையை ஒட்டிய இடத்தில்) முதுகு கொடுத்துத் தள்ளுபவன், உதவிக்கு ஓடிவரும் டிஃபெண்டர், ரீபவுண்டுக்கு இடம் பிடிப்பவர்கள். பந்து மேலே காற்றில் போகும்போது லீட் தலையைத் தூக்கிப் பார்க்கவே கூடாது. பந்து உள்ளே போனதா இல்லையா என்பது அவர் வேலை இல்லை. கோல்டெண்டிங் (கூடையை நோக்கி இறங்கும் பந்தைத் தொடுவது) பார்ப்பது ட்ரெயிலும் சென்டரும். லீட் தலையைத் தூக்கிய அந்த ஒரு நொடியில் கீழே ஒருவன் இன்னொருவனின் கையை அக்குளில் இடுக்கிப் பிடித்திருப்பான், பார்த்துக்கொண்டிருந்த ஜனம் அத்தனைக்கும் தெரியும், மூன்று ரெஃப்ரிக்கும் தெரியாது.

ட்ரெயில் மேல் பகுதியையும் தன் பக்கத்து ஓரத்தையும் பார்க்கிறார். த்ரீ பாயின்ட் முயற்சி, ஷூட்டர் தரையிறங்கும்வரை அவர் காலடி, பந்தைத் திரும்பப் பின்கோர்ட்டுக்கு (தன் கூடை இருக்கும் பாதிக்கு) கொண்டுபோவது, அந்தப் பாதியிலிருந்து பந்தை வெளியே கொண்டுவர உள்ள எட்டு செகண்ட், ஷாட் கிளாக். ஷாட் போனவுடன் அப்படியே திரும்பி ஓடத் தயாராவது புதியவர்களிடம் சகஜம். ரீபவுண்ட் யார் கையில் என்று தெரியும்வரை இரண்டு எட்டு உள்ளே வந்து நிற்க வேண்டும்.

சென்டர்தான் எனக்குப் பிடித்த இடம், புதியவர்கள் சும்மா நிற்கும் இடமும் அதுதான். பந்து அந்தப் பக்கம் இருக்கிறது, இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். உண்மையில் பெயின்ட்டின் பாதி சென்டருடையது. வீக் சைடிலிருந்து (பந்து இல்லாத பக்கத்திலிருந்து) வெட்டி உள்ளே ஓடுபவன், அவனைப் பிடித்து நிறுத்துபவன், வீக் சைடு ரீபவுண்டில் முதுகில் கை வைத்துத் தள்ளுபவன், எல்லாம் சென்டர் கண்ணில் மட்டுமே சரியாகத் தெரியும். லீடுக்கு அது நான்கு உடம்புகளுக்குப் பின்னால் நடக்கிறது. சென்டர் பக்கத்திலிருந்து டிரைவ் (பந்தோடு கூடையை நோக்கிப் பாய்வது) தொடங்கினால் லே அப் முடியும்வரை அது சென்டருடையதே. லீட் அப்போது உதவிக்கு வரும் டிஃபெண்டரை மட்டும் பார்க்கிறார்.

மூன்று இடத்துக்கும் பொதுவாக ஒன்று: டிஃபெண்டரைப் பாருங்கள். பந்து வைத்திருப்பவன் என்ன செய்தாலும், தப்பு அநேகமாக டிஃபெண்டரின் காலிலோ கையிலோ உடம்பிலோதான் இருக்கும். அவன் முதலில் இரண்டு காலையும் தரையில் ஊன்றி எதிராளியைப் பார்த்து நின்றானா, நேராக மேலே குதித்தானா, குறுக்கே சாய்ந்தானா? இதை ஆரம்பத்திலிருந்தே பார்த்திருந்தால்தான் சார்ஜா (மோதியவன் தப்பு) பிளாக்கா (தடுத்தவன் தப்பு) என்று சொல்ல முடியும். மோதிய பிறகு திரும்பிப் பார்ப்பவர் சொல்வது யூகம். இன்னொன்று, ஓடிக்கொண்டே தீர்ப்புச் சொல்லாதீர்கள். நின்று, இரண்டு உடம்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிற கோணத்தில் நின்று பாருங்கள். ரொம்பக் கிட்டே போவதும் கெடுதல்தான், ஒரே ஒரு கை மட்டும் தெரியும், முழுப் படம் தெரியாது.

பந்து கைமாறினால்

இது சுலபம். டிஃபென்ஸ் ரீபவுண்ட் எடுத்து எதிர்ப் பக்கம் ஓடினால் ட்ரெயில் புது லீட் ஆகிறார், லீட் புது ட்ரெயில், சென்டர் சென்டராகவே அதே பக்கம் இறங்குகிறார். புது லீட் வேகமாக ஓட வேண்டும், பந்து வருவதற்கு முன்பே பேஸ்லைனுக்குப் போய்ச் சேர்ந்து, முகம் கோர்ட் பக்கம் திரும்பியபடி காத்திருக்க வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு ஓடக் கூடாது. புது ட்ரெயில் பந்தோடு பின்னாலேயே வருகிறார். பின்கோர்ட்டிலேயே பிரஸ் போட்டால் (நெருக்கித் தடுத்தால்) சென்டர் முன்னே ஓடிவிடாமல் நடுக்கோட்டுப் பக்கம் தங்கி உதவ வேண்டும்.

ரொட்டேஷன், இங்கேதான் எல்லாரும் விழுவது

பந்து லீட் இருக்கும் பக்கத்திலிருந்து சென்டர் பக்கத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டால் பந்துப் பக்கத்தில் ஒரே ஒரு ரெஃப்ரிதான் மிஞ்சுகிறார். அதைச் சரிசெய்ய லீட் பேஸ்லைனுக்குப் பின்னாலேயே அந்தப் பக்கம் கடக்கிறார். அதைப் பார்த்து சென்டர் மேலே ஏறி ட்ரெயில் ஆகிறார், பழைய ட்ரெயில் இறங்கி சென்டர் ஆகிறார். ரொட்டேஷனைத் தொடங்குவதும் லீட், முடிப்பதும் லீட். மற்ற இருவரும் தாமாக இடம் மாறக் கூடாது.

இதைப் படிகளாகப் பிரித்துப் பழகுங்கள். பந்து மேலே நடுப்பகுதிக்கு வந்தவுடன் லீட் பேக்போர்டின் விளிம்புக்கு நேராக நெருங்கி வருகிறார். இன்னும் கடக்கவில்லை, தயாராகிறார், அவ்வளவுதான். பந்து கூடைக்கு நேரான கற்பனைக் கோட்டைத் தாண்டிப் போனால் விறுவிறுவென்று நடந்து கடக்கிறார், கண் மட்டும் பெயின்ட்டை விட்டு நகரக் கூடாது. கடந்து முடிப்பதற்குள் பந்து திரும்பிவிட்டாலோ, அந்த நேரம் பார்த்து டிரைவ் வந்தாலோ, ஷாட் போனாலோ? போகாதீர்கள், அல்லது நின்று அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பாதியில் கைவிட்ட ரொட்டேஷனில் ஒரு தப்பும் இல்லை. ஷாட் போகும் நேரத்தில் லீட் போர்டுக்குக் கீழே நடந்துகொண்டிருப்பதுதான் தப்பு.

லீட் வந்து சேர்ந்தது உறுதியாகும்வரை சென்டர் தன் இடத்தை விடக் கூடாது. ட்ரெயிலுக்குத்தான் இதில் கஷ்டம் அதிகம், அவர் லீடையும் கவனிக்க வேண்டும், தன் பகுதியையும் விடக் கூடாது. இரண்டு ட்ரெயில், சென்டரே இல்லை என்கிற நிலை எப்படி வருகிறது என்றால், சென்டர் மேலே ஏறிவிட்டார், பழைய ட்ரெயில் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு டெட் பாலிலும் (ஆட்டம் நிற்கும்போது) மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஒரு நொடி பார்த்துக்கொண்டால் இது பாதிக்குப் பாதி குறையும்.

வடசென்னை கோர்ட்டில் ரொட்டேஷனுக்கு இன்னொரு எதிரி உண்டு. விதிப்படி கோட்டுக்கு வெளியே இரண்டு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் ஒரு சிமென்ட் கோர்ட்டில் போர்டைத் தாங்கும் இரும்புக் கம்பம் பேஸ்லைனை ஒட்டியே ஊன்றியிருக்கும், அதற்குப் பின்னால் சுவர், சுவர் மேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சின்னப் பசங்க, கீழே தண்ணீர் கேன், செருப்பு, யாரோ ஒருவரின் பேக். லீட் எந்த வழியாகக் கடப்பார்? மேட்சுக்கு முன்னாலேயே நடந்து பார்த்து, கம்பத்துக்கு முன்னாலா பின்னாலா என்று மூன்று பேரும் முடிவு செய்துகொள்ளுங்கள். சாமான்களை எடுக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். சுவரில் இருக்கும் பசங்களை "தம்பி, காலை மடிச்சு உக்காருப்பா" என்றால் கேட்பார்கள்.

விசில் யாருடையது

ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி உண்டு, அதில் நடப்பதை அவர் ஊதுகிறார். பக்கத்தவர் பகுதியில் நடப்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்து, அவருக்கு மறைத்திருக்கும் என்று நிச்சயமாகத் தோன்றினால், ஒரு நொடி பொறுத்து, அவர் ஊதவில்லை என்றால் ஊதலாம். அந்த ஒரு நொடி முக்கியம். தூரத்திலிருந்து முதல் ஆளாக ஊதுபவரோடு யாருக்கும் சேர்ந்து ஊதப் பிடிக்காது.

இரண்டு விசில் ஒன்றாக விழுந்தால் கை மட்டும் மேலே, வேறு எந்த சைகையும் வேண்டாம். ஃபவுலுக்கு மூடிய கை, வயலேஷனுக்கு (ஃபவுல் அல்லாத விதிமீறலுக்கு) விரித்த கை. எதிரில் இருப்பவரைப் பாருங்கள், யார் பகுதியில் நடந்ததோ அவர் எடுத்துக்கொள்ளட்டும். ஒருவர் பிளாக் என்றும் இன்னொருவர் சார்ஜ் என்றும் காட்டிவிட்டால் அப்புறம் இரண்டு கோச்சும் சேர்ந்து உங்களைத்தான் கேட்பார்கள்.

எல்லாத் தொடுதலும் ஃபவுல் இல்லை. தொட்டதால் எதிராளிக்கு ஏதாவது நஷ்டம் வந்ததா, அவன் வேகமோ நிலையோ ஷாட்டோ கெட்டதா என்று பார்த்துவிட்டு ஊதுங்கள். டிரைவின் ஆரம்பம், நடு, முடிவு மூன்றையும் பார்த்த பிறகு வரும் விசில் கொஞ்சம் தாமதமாக வந்த மாதிரி இருக்கும், பரவாயில்லை. "இன்னா சார், அடிச்சான் பாரு, ஊதவே இல்ல?" என்று சத்தம் வரும், வரட்டும்.

விசிலைப் பொறுத்தவரை உள்ளே உருண்டை இல்லாத ரகம் வாங்குங்கள். கனடா ரெஃப்ரி ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட், உருண்டை சிக்கி விசில் வராமல் போன கடுப்பில் உருவாக்கி, 1987இல் ஃபாக்ஸ் 40 என்று கொண்டுவந்தது இந்த ரகம்தான். ஒரே ஊதல், அழுத்தமாக. கறுப்பு பேன்ட், கறுப்பு சாக்ஸ், கறுப்பு ஷூ என்பது விதி. மே மாதத்தில் காலை பத்து மணி மேட்சுக்கு அந்த பேன்ட் என்ன பாடுபடுத்தும் என்று சொல்லத் தேவையில்லை, மெல்லிசான துணியாக எடுத்துவிடுங்கள்.

ஃபவுலை டேபிளுக்குச் சொல்லும்போது, கூட்டத்திலிருந்து விலகி டேபிள் கண்ணில் படும் இடத்துக்கு வந்து நின்று, முதலில் நம்பர், பிறகு என்ன ஃபவுல், பிறகு ஃப்ரீ த்ரோவா எந்தப் பக்கம் பந்தா என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். 11 முதல் 15 வரை வலது கை மூடி, இடது கையில் ஒன்று முதல் ஐந்து. 16 முதல் மேலே உள்ளவற்றுக்கு முதலில் புறங்கையைக் காட்டிப் பத்தின் இலக்கம், அப்புறம் உள்ளங்கையைக் காட்டி ஒன்றின் இலக்கம். கண்ணாடி முன்னால் பழகுங்கள், 27ஐயும் 72ஐயும் மாற்றிக் காட்டுபவர்கள் நிறையப் பேர். ஃபவுலுக்குப் பிறகு மூன்று பேரும் எப்படி இடம் மாறுவது என்பதைக் கையேட்டைப் பார்த்து க்ரூ சீஃபோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் பழைய பழக்கம் கலந்து கிடக்கிறது.

ஃப்ரீ த்ரோவில் பந்தைக் கொடுப்பது லீட், ஷூட்டரைப் பார்ப்பது சென்டர். ரீபவுண்ட் இடங்களில் அதிகபட்சம் ஐந்து பேர், டிஃபென்ஸ் மூன்று, ஆஃபென்ஸ் இரண்டு. ஆறாவதாக ஒருவன் நைசாக நின்றிருப்பான், பந்தைக் கொடுப்பதற்கு முன் எண்ணுங்கள்.

மேட்சுக்கு முன்னால் பேச வேண்டியவை

மேட்ச் தொடங்குவதற்கு 20 நிமிடத்துக்கு முன்பே ரெஃப்ரிகள் கோர்ட்டில் இருக்க வேண்டும், அப்போதிலிருந்தே உங்கள் அதிகாரம் தொடங்கிவிடுகிறது. அதற்கும் முன்னால் மூன்று பேரும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். சும்மா 'பாத்துக்கலாம்' என்று கைகொடுத்துவிட்டு இறங்கும் க்ரூ முதல் குவாட்டரிலேயே தடுமாறும். டிரைவ் யாருடையது, கடைசி நொடி ஷாட்டை யார் பார்ப்பது, எந்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸர் கேட்கும், பஸ்ஸரே இல்லாமல் டைமர் விசில் ஊதுவாரா, ஷாட் கிளாக் போர்டு இல்லாவிட்டால் எத்தனை செகண்டில் டேபிள் குரல் கொடுக்கும்?

கோடுகளையும் பாருங்கள். 2010இல் ஃபிபா த்ரீ பாயின்ட் தூரத்தை 6.25 மீட்டரிலிருந்து 6.75 ஆக்கியது, பெயின்ட்டும் கீழே அகன்ற பழைய வடிவத்திலிருந்து செவ்வகமானது. நம்ம பக்கத்துப் பழைய கோர்ட்டுகளில் பழைய கோடு அழியாமல் அதன் மேலேயே புதுக் கோடு போட்டிருப்பார்கள், ஃபிளட்லைட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எது கணக்கு என்று இரண்டு கேப்டனையும் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். கூடைக்குக் கீழே 1.25 மீட்டர் அரைவட்டம், சார்ஜ் கிடையாத பகுதி, அது பல இடத்தில் தேய்ந்தே போயிருக்கும், சாக்பீஸால் ஒரு முறை வரையச் சொல்வது நல்லது. துறைமுக லாரி ஓடும் சாலையை ஒட்டிய கோர்ட் என்றால் சாயந்திரத்துக்குள் சிமென்ட் மேல் மெல்லிசாகத் தூசி படிந்திருக்கும், பெருக்காமல் ஜம்ப் பால் போடாதீர்கள்.

ஆட்களை எப்படிச் சமாளிப்பது

ஏரியாவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ராயபுரத்தில் ஊதப் போனால் ஒரு டீமில் உங்கள் பழைய கேப்டன் கோச்சாக இருப்பார், இன்னொரு டீமில் பக்கத்துத் தெருப் பையன். "ண்ணா, நம்ம ஏரியாதானே" என்று வார்ம் அப்பிலேயே ஒருவன் தோளில் கை போடுவான். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், மேட்ச் முடியும்வரை இரண்டு பக்கமும் ஒரே தூரம்.

கோச் கேள்வியாகக் கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லலாம்: "சார், டிஃபெண்டர் நேரா குதிச்சான், அதான் விட்டேன்." அதையே கத்திச் சொன்னாலோ, பெஞ்ச் எழுந்து ஆடினாலோ ஒரு முறை எச்சரிக்கை, அப்புறம் டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான ஃபவுல்). அடுத்தவர் ஊதியதற்கு நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள், 'நான் இருந்தா ஊதியிருக்க மாட்டேன்' என்கிற முகபாவம்கூட வேண்டாம். மூன்று பேர் க்ரூ உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பழைய தலைமுறைச் சீனியர்கள் சிலர் மூன்று பேர் முறையிலும் எல்லா விசிலையும் தாங்களே ஊதப் பார்ப்பார்கள். அவரிடம் ஹாஃப் டைமில் "சார், என் பக்கம் நான் பாத்துக்கறேன், உள்ள நீங்க கொஞ்சம் பாருங்க" என்று மரியாதையாகச் சொன்னால் அநேகமாக ஒத்துக்கொள்வார்.

பயிற்சி

காலி கோர்ட்டில் மூன்று பேர் லீட், ட்ரெயில், சென்டர் இடத்தில் நிற்க, நான்காவது ஆள் பந்தோடு மெதுவாக நடக்கட்டும். அவன் பக்கம் மாற மாற நீங்கள் ரொட்டேட் செய்யுங்கள். நடையில் சரியாக வந்த பிறகு ஓட்டம். அடுத்து, வேறு யாரோ ஊதும் மேட்சுக்குப் போய், சென்டரை மட்டும் ஒரு குவாட்டர் முழுக்கப் பாருங்கள், பந்தைப் பார்க்காமல். பெரம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஐசிஎஃப், பெரியமேடு நேரு உள்விளையாட்டு அரங்கம் இரண்டும் தூரமில்லை, நல்ல மேட்ச் நடக்கும்போது விடாதீர்கள். உங்கள் மேட்சை முதல் மாடி வராந்தாவிலிருந்து ஃபோனில் எடுக்கச் சொல்லுங்கள். திரும்பப் பார்க்கும்போது ஊதியது சரியா தப்பா என்று முதலில் பார்க்க வேண்டாம். ஷாட் போகும் கணத்தில் நிறுத்தி, உங்கள் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று முகமும் கூடைக்கு மேலே பார்த்தபடி இருந்தால் அடுத்த வாரப் பயிற்சி எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஓட்டத்தில் நீண்ட தூர ஜாகிங் போதாது, 28 மீட்டரைக் குட்டிக் குட்டி ஸ்பிரின்டாக ஓடி நின்று ஓடிப் பழகுங்கள்.

மேட்ச் முடிந்ததும் டேபிளில் இருப்பவர்களும் இரண்டு அம்பயரும் கையெழுத்துப் போட்ட பிறகு க்ரூ சீஃப் ஸ்கோர் ஷீட்டைச் சரிபார்த்துக் கடைசியாகக் கையெழுத்துப் போடுவார். அதுவரை மூன்று பேரும் டேபிள் பக்கமே இருங்கள். வெளியே போவதும் மூன்று பேரும் சேர்ந்தே போங்கள், கேட்டில் நின்று அந்தக் கடைசி ஃபவுலைப் பற்றி யார் கேட்டாலும் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடுங்கள். பேச வேண்டியதை நீங்கள் மூன்று பேரும் டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.